குறைச் சீட்டுகளும் பணிப் பட்டியலும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். பணிக்காலத்தின் இறுதியில், குறைப் பெட்டியில் விழும் சீட்டுகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. மருந்து தாமதம், போர்வை இல்லை என்பவற்றைவிட, ஆங்கிலத்திலும் சூலுவிலும் திரும்பத் திரும்ப வந்த குறை, சிஸ்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதே.

ஒருநாள் அந்தச் சீட்டுகளின் தேதிகளைப் பணிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இருவர் விடுப்பில் போய் மாற்று ஆள் வராத நாள்கள், 12 மணி நேரப் பணியில் தேநீருக்குக்கூட உட்கார முடியாத நாள்கள், மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும் யாரையாவது கடிந்துகொண்ட நாள்கள் ஆகியவற்றில்தான் பெரும்பாலான சீட்டுகள் விழுந்திருந்தன.

அவற்றில் ஒன்று என்னைப் பற்றியது. முந்தைய இரவில் யாரோ நிரப்பாமல் விட்ட குறிப்பேட்டுக்காக, நோயாளிகள் பார்த்திருக்க, அன்று காலை நான் ஏச்சு வாங்கினேன். சற்று நேரத்தில் ஓர் ஆயாவுக்கு டிரிப் மாற்றப் போனபோது, "வலிக்குதா ஆயா?" என்று வழக்கமாகக் கேட்பதைக்கூடக் கேட்காமல் டேப்பை ஒட்டினேன். அவரோ என் மணிக்கட்டைத் தொட்டு, "ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்றார். பதில் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். சீட்டை எழுதியவர் அவருடைய மகள்.

1997இல் அரசு அறிவித்த 'பாத்தோ பேலே', அதாவது 'மக்களே முதலில்' என்னும் எட்டு நெறிகள் எங்கள் வார்டுச் சுவரில் தொங்கின. மரியாதை அவற்றுள் ஒன்று. நல்ல நெறிதான், ஆனால் அந்த மரியாதையை நோயாளியிடம் கொண்டுசேர்க்க வேண்டியவளுக்கு அதை யார் தருவது என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வை நான் பிறகுதான் படித்தேன். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் பணியில் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 விழுக்காடும் கூடுவதாக அதில் கண்டிருந்தது. எங்கள் பெட்டியில் விழுந்தவை உயிர் போகாத குறைகள். ஆனாலும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

அந்த மகளுக்கு நானே பதில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டதோடு, அன்று வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை பேர் இருந்தோம் என்பதையும் சேர்த்தேன். அலுவலகத்தில் அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு அனுப்பினார்கள்.