ஒரு கேள்வி சேர்த்துப் போடுங்க

நம்ம திருநெல்வேலி குரூப்பில் தினமும் படம் வருகிறது. கீழே ஒரு கட்டைவிரல், ‘அருமை’, அவ்வளவுதான். நானும் அப்படித் தள்ளிவிட்டுப் போகிற ஆள்தான்.

போன வாரம் அப்பாவின் பெட்டியில் கிடைத்த சாயம் போன படம் ஒன்று, குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றித் தாமிரபரணி செக்கச்செவேல் என்று ஓடுகிறது, அதைப் போட்டு “இது 1992 வெள்ளமா, வேறயா?” என்று ஒரு வரி மட்டும் சேர்த்தேன். பிடித்துக்கொண்டது! ஒரு அண்ணாச்சி, வெள்ளம் வருமுன் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப்போன கதையைச் சொன்னார். ஜங்ஷன் அக்கா ஒருத்தர், 2023 டிசம்பர் வெள்ளம் தன் வீட்டுச் சுவரில் விட்டுப்போன சேற்றுக்கோட்டைப் படமெடுத்துப் போட்டார். இன்னொரு பிள்ளை மூலையில் நிற்கிற ஆளைப் பெரிதாக்கிப் பார்த்து, “எங்க தாத்தாவேதான், அந்த வளைஞ்ச குடைக்கம்பியப் பாருங்க” என்றது. எந்த வருசம் என்று மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை, போகட்டும்.

‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’தான் வரும். அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சதைக் கேட்கணும். சரி, நாளைக்கு நான் போடப்போறது தாமிரபரணி மேல இருக்கிற சுலோச்சன முதலியார் பாலத்துப் படம். 1843-இல் கட்டியது. அதுமேல முதல்ல யார் சைக்கிளில், முன்னாலயா பின்னாலயா உட்கார்ந்து போனீங்க?