பாதிப் பாதி பஞ்சாயத்து

சரக்கு கெட்டுவிட்டது என்று வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தால் கிருஷ்ணகிரி பக்கத்து முதலாளிகள் முதலில் சொல்வது, "ஆளுக்குப் பாதி போட்டு முடிச்சு விடுங்க சார்" என்பதுதான். மண்டியில் மாங்காய் லோடு அழுகிப்போனால் அப்படித்தானே தீர்க்கிறோம்? கப்பல் சரக்கில் மட்டும் அந்தப் பேச்சை எடுத்த எடுப்பில் எடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு சீசனிலும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதி ஆவணங்கள் என் பொறுப்பு. ஒரு சீசன் முடிவில், துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் சரக்கை எடுத்த வாங்குபவரிடமிருந்து புகார் வந்தது. இருபதடி கண்டெய்னர், 80 டிரம், ஒவ்வொன்றிலும் 215 கிலோ தோத்தாபுரி மாங்கூழ். சில டிரம்களில் கூழ் வழிகிறது, புளித்த வாடை அடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அடுத்த பில்லில் அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்வார்களாம்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆலையிலிருந்தே நொதித்துப் போயிருந்தால் டிரம்முக்குள் கூழ் இருக்கும் பை காற்றடைத்து மூடியைத் தள்ளியிருக்கும். டிரம் மேலே உப்பி நிற்கும். இவற்றில் மூடி தட்டையாகவே இருந்தது. ஆனால் கதவோர வரிசையில் எல்லா டிரம்மிலும் ஒரே உயரத்தில் நசுங்கல். வழியில் இடிபட்டுப் பை கிழிந்த பிறகுதான் கூழ் புளித்திருக்கிறது. அதே லாட்டில், அதாவது ஒன்றாகத் தயாரித்த அதே தொகுதியில், நாங்கள் எடுத்து வைத்த சாம்பிளைத் திறந்து லேபுக்கு அனுப்பினோம்; சுத்தம். அதே லாட்டில் போன இன்னொரு கண்டெய்னரிலும் புகாரில்லை.

"கப்பல்காரன் மேல கேஸ் போடலாமா?" என்றார் முதலாளி.

"அண்ணே, இது சி.எஃப்.ஆர். விலை, கப்பல் வாடகையும் சேர்த்தது. வாடகை நாம கட்டினாலும், சென்னையில கப்பல் ஏறின நிமிஷமே ரிஸ்க் வாங்கறவங்களுது. கப்பல்காரன் சரக்குக்குக் கொடுத்த ரசீது, அந்த பி.எல்.லும் அவங்க கையில. கேட்க வேண்டியது அவங்கதான்."

"அப்ப நம்ம காசை ஏன் பிடிக்கிறான்?"

நியாயமான கேள்விதான். கையில் இருக்கிற காசைப் பிடிப்பது சுலபம், இன்சூரன்சில் வாங்குவது சிரமம். அவ்வளவுதான் காரணம். இந்த இடத்தில்தான் பாதிப் பேச்சு விஷமாகிறது. தரக்குறைவு என்று சொல்லி நாம் பாதி கொடுத்துவிட்டால், சரக்கிலேயே இருந்த குறை என்று சொல்லி வாங்குபவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். சரக்கின் இயல்பால் வரும் சேதத்துக்குப் பாலிசியில் இடமில்லை. மிச்சப் பாதியையும் கேட்டு அவர் நம்மிடமே வருவார்.

கப்பல் கம்பெனியிடம் கேட்பதற்கும் கெடு உண்டு. வெளியே தெரியாத சேதத்தை டெலிவரி எடுத்த மூன்று நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். வழக்கோ ஆர்பிட்ரேஷன் என்கிற நடுவர் விசாரணையோ ஒரு வருடத்துக்குள் தொடங்க வேண்டும். கப்பல் சரக்குக்காக 1924-ல் வந்த ஹேக் விதிகள் வழியாகப் பல நாட்டுச் சட்டத்திலும் பி.எல்.லின் பின்பக்கப் பொடி எழுத்திலும் இருப்பது இது. "பார்க்கிறோம், விசாரிக்கிறோம்" என்று இனிக்க இனிக்க மெயில் வந்துகொண்டிருந்தாலும் கடிகாரம் நிற்காது. கெடு நீட்டிப்பை எழுத்தில் வாங்க வேண்டும்.

ஆலையிலேயே ஏற்றி சீல் வைத்த கண்டெய்னருக்கு ஒரு பலவீனம் உண்டு: ஏற்றியதும் எண்ணியதும் அனுப்பியவரே என்று பி.எல்.லில் அச்சடித்துவிடுவார்கள். உள்ளே சரக்கு நன்றாக இருந்தது என்பதற்கு அந்தத் தாள் சாட்சி சொல்லாது. எங்கள் லோடிங் ஆட்கள் வரிசைக்கு வரிசை எடுக்கும் போன் படங்கள்தான் சொல்லும். கட்டுப்பட்டை, மரக்கட்டை, கடைசியில் சீல் நம்பர். ஷிப்டு முடிகிற நேரத்தில் கதவோர வரிசையைப் படமெடுக்காமல் மூடப் பார்ப்பார்கள். அதற்காக அவர்களிடம் நான் வாங்கிய பெயர் இங்கே வேண்டாம்.

படங்கள், லேப் அறிக்கை, லாட் பதிவு எல்லாவற்றையும் கட்டி வாங்குபவருக்கே அனுப்பினோம், சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் அவருடைய சர்வேயரிடம் கொடுக்கச் சொல்லி. எதிராளிக்கு நாமே ஆதாரம் கொடுப்பதா என்று அலுவலகத்தில் முணுமுணுப்பு. ஆனால் அவர் இன்சூரன்சில் ஜெயித்தால்தான் நம் காசு வரும். வந்தது, பிடித்த தொகை முழுதும்.

சர்வேயர் வரும்வரை கண்டெய்னரைத் திருப்பித் தராமல் வைத்திருந்ததற்குக் கப்பல் கம்பெனி போட்ட டிடென்ஷன் பில், அதாவது தாமதக் கட்டணம், மட்டும் பாக்கி நின்றது. அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அங்கே மட்டும் நானே ஆளுக்குப் பாதி என்றேன்.