பைத்தானுக்கு மேல் வரம்பு போடமாட்டேன்

நான் பராமரிக்கும் சின்ன லைப்ரரி பைத்தான் 3.14-ல் ஓடவில்லை. பைத்தான் கோடை மரமாகப் பிரித்துக் காட்டும் ஏஎஸ்டி (ast) மாட்யூலில் இருந்த ஸ்டர் (Str), நம் (Num) ஆகிய பழைய கிளாஸ்களை அந்தப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அவற்றுக்குப் பதிலான கான்ஸ்டன்ட்டுக்கு (Constant) மாற்றினேன், வேலை முடிந்தது. ஒரு லைப்ரரி எந்தெந்தப் பைத்தான் பதிப்புகளில் ஓடும் என்று குறிக்க ரெக்வயர்ஸ்-பைத்தான் என்று ஒரு வரி உண்டு. கோளாறைச் சொன்னவர் அதை வைத்துக் கூடவே ஒரு யோசனையும் சொன்னார்: "ரெக்வயர்ஸ்-பைத்தானில் <3.14 என்று போட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காதே?"

வந்திருக்கும், இன்னும் மோசமாக.

என் லைப்ரரியின் 2.4 பதிப்பில் >=3.9 (3.9 முதல்) என்ற கீழ் வரம்பு மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். 2.5-ல் <3.14 சேர்க்கிறேன். பைத்தான் 3.14 வைத்திருப்பவர், பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் பிப் கருவியில் பிப் இன்ஸ்டால் கொடுக்கிறார். பிப் 2.5-ஐப் பார்க்கிறது, பொருந்தவில்லை, சத்தமில்லாமல் ஒதுக்குகிறது. அடுத்து 2.4. அதில் மேல் வரம்பு கிடையாது, ஆகவே "பொருந்துகிறது". அதே உடைந்த நிரல், அதுவும் ஒரு பதிப்பு பழையது, சமர்த்தாக இன்ஸ்டால் ஆகிவிடும். வெளியான பதிப்பின் மெட்டாடேட்டாவை (இந்த வரம்பு போன்ற விவரங்களை), பேக்கேஜ்கள் வெளியாகும் தளமான பைபிஐயில் திருத்தவும் வழியில்லை. பழைய பதிப்பை யாங்க் செய்யலாம், அதாவது பிப் அதைத் தானாக எடுக்காதபடி விலக்கலாம், ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் 3.10 காரர்களுக்கும் சேர்த்தல்லவா அது மறையும்?

இப்படிப் பின்னோக்கிப் போவது பிப்பின் குறையல்ல. கீழ் வரம்புக்கு அதுதான் சரியான நடத்தை. 2017-ல் ஐபைத்தான் என்ற பேக்கேஜின் 6.0 பதிப்பு பைத்தான் 2-ஐக் கைவிட்டபோது, பிப் 9 வைத்திருந்த பைத்தான் 2 காரர்களுக்குத் தானாகவே 5.x கிடைத்தது. பழைய பைத்தானுக்குப் பழைய பேக்கேஜ் ஒத்துப்போகும். புதிய பைத்தானுக்குப் பழைய பேக்கேஜில் தீர்வு இருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொன்று, மற்ற டிபென்டென்சியின் (ஒரு பேக்கேஜ் சார்ந்திருக்கும் பிற பேக்கேஜின்) பதிப்பைப் பிப் ஏற்றலாம், இறக்கலாம். தான் ஓடும் பைத்தானை அதனால் மாற்ற முடியாது. கோ (Go) மொழி, 1.21 பதிப்பு முதல், தேவைப்பட்டால் புதிய டூல்செயினையே (கம்பைலர் முதலான கருவிகளையே) இறக்கிக்கொள்கிறது, அங்கும் கோ.மாட் கோப்பில் சொல்வது குறைந்தபட்சப் பதிப்பைத்தான். ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் கருவியான கார்கோவிலும், மொழிப் பதிப்பைக் குறிக்கும் ரஸ்ட்-வெர்ஷனில் வெறும் எண்தான் எழுதலாம், < போடவே இடமில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. பிப் போலப் பைத்தானுக்கு வேறு கருவிகளும் உண்டு. அவற்றில் யூவி, டிபென்டென்சிகளின் பைத்தான் மேல் வரம்பைக் கண்டுகொள்வதே இல்லை. பொயட்ரி நேர் எதிர்: ஒரு லைப்ரரி வரம்பு போட்டால் அதைப் பயன்படுத்தும் புராஜெக்டும் போட்டாக வேண்டும், தொற்று மாதிரி பரவும்.

விதிவிலக்கு உண்டு. நம்பா (Numba) என்ற லைப்ரரி, பைத்தான் உள்ளுக்குள் உருவாக்கும் பைட்கோடையே படிக்கிறது. ஒவ்வொரு புதிய பைத்தானுக்கும் அதில் வேலை செய்தாக வேண்டும். அதை எழுதுபவர்கள், இன்ஸ்டால் செய்யும்போது ஓடும் செட்டப்.பை கோப்பிலேயே பதிப்பைச் சோதித்து, பொருந்தாவிட்டால் காரணம் சொல்லி நிறுத்துகிறார்கள். நிஜமாகவே வரம்பு தேவைப்பட்டால் நானும் அப்படித்தான் செய்வேன். நீங்கள் எழுதுவது லைப்ரரி அல்ல, சர்வரில் ஓடும் அப்ளிகேஷன் என்றால் சரி, 3.13.2 என்று துல்லியமாகவே பூட்டிக்கொள்ளுங்கள். அதை வேறு யாரும் இன்ஸ்டால் செய்யப்போவதில்லை.