ஆல்பைனில் ஒரு கண்காணிப்புப் பலகை: புரோமிதியஸ் தேர்வுக்குப் படித்த விதம்

கணினிகளைக் கண்காணிக்கும் மென்பொருளான புரோமிதியஸின் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் கேட்டால், வீடியோக்களைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு ஒரு மெய்நிகர் கணினியில் ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸை நிறுவச் சொல்வேன். வட்டில் ஏறக்குறைய 130 எம்பி இடம் போதும். பழைய மடிக்கணினியே தாங்கும். தேர்வு 90 நிமிடம்தான், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். மனப்பாடம் செய்தே தேறிவிடலாம் என்று தோன்றும். ஆனால் மதிப்பெண்ணில் 28 சதவீதம் புரோம்கியூஎல் என்ற வினவல் மொழிக்கு. கை பழகாமல் அது வசப்படாது.

ஆல்பைனைச் சொல்வதற்குக் காரணம், அங்கே எதுவும் தானாக நடக்காது. டெபியன் என்ற மற்றொரு லினக்ஸில் புரோமிதியஸை நிறுவியவுடன் சேவை ஓடத் தொடங்கிவிடும். அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவையே எழாது. சேவைகளை நிர்வகிக்க ஆல்பைனில் டெபியனைப் போல சிஸ்டம்டி இல்லை, ஓபன்ஆர்சிதான். ஆர்சி-சர்வீஸ் கட்டளையால் சேவையைத் தொடங்க வேண்டும், ஆர்சி-அப்டேட் கட்டளையால் தொடக்க வரிசையில் சேர்க்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால், கணினியை மறுபடி இயக்கும்போது சேவை எழுந்து வராது. தொகுப்புகளை நிறுவும் ஏபிகே கருவி, கேட்ட தொகுப்பு இல்லை என்று சொன்னால், களஞ்சியப் பட்டியலில் கம்யூனிட்டி வரி # குறியால் முடக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வேறிடத்திலிருந்து இறக்கிய நிரலை ஓட்டினால், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே 'நாட் ஃபவுண்ட்' என்று ஷெல் சொல்லக்கூடும். காணாமல் போயிருப்பது அந்த நிரல் அல்ல. அது தேடுகிற ஜிலிப்சி ஏற்றி (பல லினக்ஸ்களில் உள்ள சி நூலகத்தின், நிரலை ஏற்றும் பகுதி). ஆல்பைன் அதற்குப் பதில் மசல் என்ற சி நூலகத்தில் ஓடுகிறது. ஏபிகே தரும் தொகுப்புகளையே பயன்படுத்தினால் இந்தத் தலைவலி இல்லை.

கணினியின் அளவீடுகளைப் புரோமிதியஸுக்குத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரை நிறுவியதும், வரைபடப் பலகை வரையும் கிராஃபனாவுக்குத் தாவிவிடாதீர்கள். பிரவுசரில் 9100 போர்ட்டின் மெட்ரிக்ஸ் பக்கத்தைத் திறந்து பொறுமையாகப் படியுங்கள். வெறும் எழுத்தும் எண்ணும்தான். பாடம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சிபியு செலவிட்ட நொடிகளைக் காட்டும் வரியைக் குறித்துக்கொண்டு பக்கத்தைப் புதுப்பியுங்கள். எண் ஏறிக்கொண்டே போகும், கணினி மறுபடி தொடங்கினாலொழிய இறங்காது. அதுதான் கவுண்ட்டர். ஆட்டோ மீட்டரைப் போல மொத்தத்தை மட்டும் சொல்லும். இப்போதைய வேகம் வேண்டுமென்றால் நாம்தான் கணக்கிட வேண்டும். புரோம்கியூஎல்லின் ரேட் சார்பு செய்வது அந்தக் கணக்கைத்தான். பக்கத்திலேயே நினைவகத்தின் அளவு ஏறும், இறங்கும், அது கேஜ். அதன்மேல் ரேட் போடுவது பொருளற்றது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவர்களைக் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் குழப்ப முடியாது.

ரேட்டுக்கு நாம் கொடுக்கும் கால வரம்புக்குள் குறைந்தது இரண்டு அளவீடுகள் வேண்டும். 15 நொடிக்கு ஒருமுறை சேகரித்துக்கொண்டு, வரம்பையும் 15 நொடி என்று கொடுத்தால் விடை வெறுமையாக வரலாம். சேகரிக்கும் இடைவெளியைப் போல நான்கு மடங்கு வைப்பது நல்ல வழக்கம். 9090 போர்ட்டில் உள்ள புரோமிதியஸ் பக்கத்திலேயே வரம்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கிராஃபனா 3000 போர்ட்டில் இருக்கும். 1860 என்ற எண்ணில் ஆயத்தப் பலகை ஒன்று கிடைக்கிறது, அழகானதும்கூட. ஆனால் சிபியு, நினைவகம், வட்டு மூன்றுக்கும் நீங்களே வினவல் எழுதி வரைந்த பிறகு அதை இறக்குங்கள். அப்போது அதில் உள்ள வினவல்கள் உங்களுக்கே புரியும்.

கடைசியாக எச்சரிக்கை விதிகள். 'அப்' அளவீடு (அளவீடுகளைச் சேகரிக்க முடிந்தால் 1, முடியாவிட்டால் 0) பூஜ்யமாக ஒரு நிமிடம் நீடித்தால் எச்சரிக்க வேண்டும் என்று விதி எழுதி, நோட் எக்ஸ்போர்ட்டரை நிறுத்துங்கள். அலர்ட்ஸ் பக்கத்தில் அந்த விதி முதலில் பெண்டிங் ஆகும், நிமிடம் கடந்ததும் ஃபயரிங் ஆகும். நிமிடம் முடியுமுன் சேவையைத் தொடங்கினால் என்ன ஆகிறது என்பதையும் செய்து பாருங்கள். விதியில் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்று சொல்லும் 'ஃபார்' எதற்கு இருக்கிறது என்பது அப்போது விளங்கிவிடும்.