மனப்பாடம் இல்லாமல் கியூப்: இதுவரை

ரூபிக் கியூபைச் சூத்திரம் (எந்தப் பக்கத்தை எந்த வரிசையில் திருப்புவது என்ற பட்டியல்) எதுவும் மனப்பாடம் பண்ணாமல் சேர்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அடுக்கடுக்காகச் சேர்க்கும் வழக்கமான முறை எனக்கு ஏற்கெனவே கைவந்ததுதான். விரல் பாட்டுக்கு ஓடும், கியூப் சேர்ந்துவிடும், ஏன் சேர்ந்தது என்று கேட்டால் முழிப்பேன். அந்த ‘ஏன்’ தெரிய வேண்டும் என்றுதான் மறுபடி முதலிலிருந்து. எர்னோ ரூபிக் 1974-இல் இந்தக் கியூபை உருவாக்கியபோது எட்டிப் பார்க்க அவருக்குச் சூத்திரம் ஏது? தான் செய்த பொருளைத் தானே சேர்க்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. நமக்கு அது பெரிய தெம்பு.

வரிசையை மாற்றிக்கொண்டேன். வெளியே தெரியும் 26 துண்டுகளில் நடுத்துண்டுகள் 6, அவை இடம் மாறாது. இரண்டு நிறம் கொண்ட விளிம்புகள் 12, மூன்று நிறம் கொண்ட முனைகள் 8. முதலில் விளிம்புகளை மட்டும் சேர்ப்பது, முனைகள் எப்படிக் கிடந்தாலும் கண்டுகொள்வதில்லை என்று முடிவு. விளிம்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முனைகளின் கவலை இல்லாதபோது கை தாராளமாகப் போகிறது, கடைசி மூன்று நான்கில் மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்டு.

அதற்கு அப்புறம்தான் விஷயமே. 12 விளிம்பும் உட்கார்ந்தாயிற்று. இனி எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் நான்கு விளிம்புகள் கலையும். கலைக்காமல் ஒரு முனையைக்கூட நகர்த்த முடியாது. ‘இதுவரை செய்தது போய்விடுமே’ என்று கை தயங்குகிற இடம் இது. கியூபைப் பாதியில் அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வைக்கிறார்கள் என்பது என் ஊகம்.

வழி இப்படி. வலது பக்கத்தை ஒரு திருப்பு, மேல் பக்கத்தை ஒரு திருப்பு, வலதைப் பழையபடி. இப்போது கீழ் அடுக்கை மட்டும் பாருங்கள். மேலே என்ன களேபரம் நடந்திருந்தாலும் கீழே மாறியிருப்பது ஒரே ஒரு முனை. மேலே இருந்தது லிஃப்டில் இறங்கிக் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டது. அடுத்து கீழ் அடுக்கைச் சுற்றினால் லிஃப்ட் வாசலில் வேறொரு முனை வந்து நிற்கும். இனி முதலில் செய்த மூன்றையும் பின்னோக்கிச் செய்தால் மேலே ஏறிப்போவது அந்த வேறு முனை. கடைசியாகக் கீழ் அடுக்கைப் பழையபடி. மொத்தம் எட்டுத் திருப்பம். மூன்று முனைகள் ஒன்றின் இடத்துக்கு ஒன்று போயிருக்கும், 12 விளிம்பும் இருந்த இடத்தில் இருக்கும். கணிதத்தில் இதைக் கமுட்டேட்டர் என்கிறார்கள். முதன்முறை அது வேலை செய்ததைப் பார்த்து, சந்தேகத்தில் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன்.

வேண்டிய மூன்று முனைகள் தோதான இடத்தில் இல்லையென்றால், முதலில் அவற்றை அங்கே கொண்டுவந்து, எட்டையும் செய்துவிட்டு, கொண்டுவந்த வழியே திரும்பிவிட வேண்டும். வந்த வழியை மறக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இதற்காக ஒரு தாளில் திருப்பங்களைக் குறித்துக்கொள்கிறேன். வேகப் போட்டிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எந்த நிலையிலிருந்தும் 20 திருப்பத்துக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010-இல் கணினி வைத்து நிரூபித்திருக்கிறார்கள். நான் நூறைத் தாண்டித்தான் போகிறேன்.

முனைகள் இடத்துக்கு வந்தபின் சில திரும்பி உட்கார்ந்திருக்கும். அவற்றைத் திருகுவது நெஞ்சுரம் கேட்கும் கட்டம். வலதை ஒரு திருப்பு, கீழை ஒரு திருப்பு, வலதைப் பழையபடி, கீழைப் பழையபடி என்று நான்கு அசைவுகள். அதை இரண்டு முறையோ நான்கு முறையோ செய்தால் எதிரே இருக்கும் முனை நேராகும். ஆனால் கீழே எல்லாம் சிதறிக் கிடக்கும். அதைச் சரிசெய்யப் போகக் கூடாது. மேல் அடுக்கை மட்டும் சுற்றி, அடுத்த முனையை அதே இடத்துக்குக் கொண்டுவந்து, அதே நான்கு அசைவு. அந்த நான்கும் ஆறு முறைக்கு ஒருமுறை பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதால், கடைசி முனை நேராகும்போது கீழேயும் தானாகச் சேர்ந்திருக்கும்.

‘வாழ்க்கையே ஒரு புதிர்’ என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிருக்கு விடை உண்டு என்ற உத்தரவாதம் பெட்டியோடு வருகிறது, வாழ்க்கை அதைத் தருவதில்லை. திருப்பியதைப் பின்னோக்கித் திருப்பும் வசதியும் இல்லை, சொன்ன சொல்லை எந்த எட்டுத் திருப்பத்தாலும் திரும்ப வாங்க முடியாது. ஆனால் எழுத்திலும் நிரல் எழுதுவதிலும் அந்த வசதி இருக்கிறது. அங்கே இந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. முக்கால்வாசி சரியாக நிற்கும் ஒரு கட்டுரையில் ஒரு பத்தி மட்டும் உட்காரவில்லை என்றால், முன்பு அந்தப் பத்தியையே சொறிந்துகொண்டிருப்பேன். இப்போது ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, சரியாக இருக்கும் நான்கு பத்திகளையும் சேர்த்துப் பிரிக்கிறேன். பல நேரம் இடம் தவறியது வேறொரு பத்தியாக இருக்கிறது.

இன்னொரு சங்கதி. ஒருநாள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு முனை மட்டும் திருகியே நின்றது. முறைப்படித் திருப்பி அப்படியொரு நிலைக்கு வரவே முடியாது. கியூப் கீழே விழுந்ததில் முனை கழன்று திருகி மாட்டிக்கொண்டிருக்கிறது. கியூபுக்குச் சுமார் 4.3 லட்சம் கோடி கோடி நிலைகள். பிரித்துக் கண்டபடி மாட்டினால் அதைப்போல 12 மடங்கு, அதில் 12-ல் ஒரு பங்குதான் திருப்பியே சேரக்கூடியது. பழைய 15 எண் நகர்த்தும் பலகையிலும் இதே கதைதான். 14-ஐயும் 15-ஐயும் மட்டும் மாற்றி வைத்தால் நகர்த்தியே சரிசெய்ய முடியாது என்று ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879-இல் காட்டிவிட்டார்கள். அமெரிக்கப் புதிர்க்காரர் சாம் லாய்ட் அதற்கு 1,000 டாலர் பரிசு வைத்தார், ஒருவருக்கும் கொடுக்க வேண்டி வரவில்லை. ஆகவே முனையைக் கையால் பிடித்துத் திருகி விட்டேன். அது ஏமாற்று இல்லை, அந்த நிலைக்கு அதுதான் சரியான அசைவு.

அடுத்து நாலுக்கு நாலு கியூப். இதில் நடுத்துண்டுகளும் இடம் மாறும், விளிம்பு ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. மூன்றுக்கு மூன்றில் நடக்கவே நடக்காத ‘ஒரே ஒரு விளிம்பு தலைகீழ்’ நிலை இங்கே சர்வசாதாரணம். உள் அடுக்கை ஒருமுறை திருப்பினாலே அந்தப் பழைய சட்டம் உடைந்துவிடுகிறது. அதைச் சரிசெய்யும் நீளமான சூத்திரம் எல்லோரிடமும் இருக்கிறது, இன்னும் பார்க்காமல் வைத்திருக்கிறேன். நடுத்துண்டுகளை லிஃப்ட் வழியில் சேர்க்கும் அளவுக்கு வந்திருக்கிறது. விளிம்புகளை ஜோடி சேர்ப்பதில் நிற்கிறேன்.