குத்துக்கு ஏன் கூடுதல் புள்ளி

1984ல் வந்த ஜாக்கி சானின் ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’ படத்துக்கு ஜப்பானில் ‘ஸ்பார்ட்டன் எக்ஸ்’ என்று பெயர். அதே ஆண்டு ஐரெம் நிறுவனம் அதே பெயரில் ஒரு ஆர்கேட் விளையாட்டையும், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் வீடியோ கேமையும், கொண்டுவந்தது. மற்ற நாடுகளில் அது ‘குங்ஃபூ மாஸ்டர்’. தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் டிவி கேம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். ஒரே கேசட்டில் பல விளையாட்டுகளை அடைத்து விற்பார்களே, அதில் ‘குங்ஃபூ’ என்று இருந்தது இதுதான். ஒரு மாடியில் இடது பக்கமாகவும் அடுத்ததில் வலது பக்கமாகவும் ஒருவன் நடந்துபோய், எதிரே வருகிறவனையெல்லாம் உதைப்பான்.

படத்தின் கதை பார்சிலோனாவில் நடக்கிறது. வேனில் சாப்பாடு விற்கும் இரண்டு பேர், ஒரு துப்பறிவாளர், கடத்தப்பட்ட பெண், கடைசியில் ஒரு கோட்டை. விளையாட்டில் வேனும் இல்லை, பார்சிலோனாவும் இல்லை. தாமஸ், சில்வியா என்ற இரண்டு பெயரும், அவளை மீட்க வேண்டும் என்பதும்தான் மிச்சம். மாடிக்கு ஒரு ஆளாக அடித்து மேலே ஏறும் அந்த ஐந்து மாடி, புரூஸ் லீ 1972ல் எடுக்கத் தொடங்கி முடிக்காமலே போன ‘கேம் ஆஃப் டெத்’ படத்தின் கோபுரத்திலிருந்து வந்தது. இதை வடிவமைத்த தகாஷி நிஷியாமாதான் பிறகு கேப்காம் என்ற இன்னொரு விளையாட்டு நிறுவனத்துக்குப் போய் 1987ல் முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ செய்தவர்.

கதையை இப்படிக் கழற்றிப் போட்டது சரி என்றே நான் நினைக்கிறேன். ஏனென்றால் சண்டைப் படத்தின் உயிரான ஒன்றை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் எட்டம். யார் கை யாரை எட்டும், எப்போது எட்டும் என்பது.

அந்த விளையாட்டில் இரண்டே பட்டன், ஒன்று குத்து, இன்னொன்று உதை. உதை தூரம் எட்டும், ஆபத்து குறைவு. குத்து எட்டாது, ஆளை ரொம்பப் பக்கத்தில் வரவிட வேண்டும். ஆனால் குத்தி வீழ்த்தினால்தான் புள்ளி கூடுதல். எதிரிகளில் ஒரு வகை வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரை உறிஞ்சும், இடமும் வலமும் ஆட்டித்தான் உதற முடியும். அப்படிப்பட்டவனைக் கை எட்டும் தூரம் வரை வரவிட்டுக் குத்த ஒரு துணிச்சல் வேண்டும். படத்தில் நாயகன் காட்டும் துணிச்சலை விளையாடுகிறவன் விரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். எத்தனை வசனம் வைத்தாலும் இது கிடைக்காது.

முதல் மாடியின் கடைசியில் நிற்பவன் கையில் கம்பு. அவனைத் தாண்டினால்தான் படி. இதை வீரவநல்லூரில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் என் மாமாவுக்கு மொபைலில் காட்டினேன். அவர் டிவி கேம் தொட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“ஏ மருமவனே, கம்பையா பாக்க? அவன் காலப் பாரு. வீசி முடிச்சு கம்பு திரும்புததுக்குள்ள உள்ள போயிரணும். உள்ள போயிட்டா கம்பு வெறும் குச்சிதான்.”

சொன்னபடி செய்தேன், கம்புக்காரன் விழுந்தான்.

கொஞ்ச நாளாக ராத்திரியில், விளையாட்டு செய்ய உதவும் கோடோ என்ற இலவச மென்பொருளில் ஒரு சின்ன சண்டை விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். பழைய ஹாங்காங் படங்களின் தாளத்தில் நம்ம ஊர்க் கம்பு. மாமா சொன்ன அந்த ‘உள்ளே போகிற’ நேரம்தான் அதன் மையம். திரையில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனித்தனிப் படம், ஓடுகிறது. கம்பு வீச்சுக்கு ஓங்க 14 ஃபிரேம், அடி விழ 4, கம்பு திரும்பி வர 22. அந்த 22க்குள் நுழைகிறவனுக்கு வழி உண்டு. ஓங்கும் 14ல் நுழைந்தால் மண்டையில் விழும். மாமாவை முற்றத்தில் வீசச் சொல்லி, மொபைலில் ஸ்லோமோஷனில் எடுத்து, அதைப் பார்த்துத்தான் இந்த எண்களைப் போட்டேன். காலடி மாறும்போது தோள் முதலில் திரும்பிவிடுகிறது, கம்பு பிறகுதான் வருகிறது. அந்தத் தோளை வரைந்து சரிசெய்யத்தான் அதிக நேரம் போனது. விளையாடுகிறவனுக்கு முன்னறிவிப்பு அதுதான் என்பதால் அதில் நான் எதையும் குறைக்க மாட்டேன்.

அப்புறம், நிறுத்தம். ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’ படத்தில் ஜாக்கி சானும் பென்னி உர்கிடெஸும் மோதும் கடைசிச் சண்டையைப் பாருங்கள். உர்கிடெஸ் நிஜமான கிக்பாக்ஸிங் சாம்பியன். அவர் உதைத்த காற்றில் மெழுகுவத்திகள் அணையும். அடி சடசடவென்று விழுந்துவிட்டு, சட்டென்று இருவரும் விலகி நின்று ஒருவரை ஒருவர் அளப்பார்கள். அந்த நிற்பில்தான் பார்க்கிறவனுக்குப் பயம் ஏறும். இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் அடி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. என்னுடையதில் மூன்று அடிக்குப் பிறகு நாயகன் நின்றே ஆக வேண்டும், எதிரியும் நிற்பான். யார் முதலில் காலை நகர்த்துவது என்பதை விளையாடுகிறவர் முடிவு செய்யட்டும்.

கதை சொல்லும் வெட்டுக் காட்சிகள் எதையும் வைக்கப் போவதில்லை. கம்பும் கம்பும் மோதும் சத்தத்தை மட்டும் மாமாவின் பிள்ளைகள் பயிற்சி செய்யும் இடத்திலேயே பதிவு செய்யப் போகிறேன். இணையத்தில் கிடைக்கும் ‘டிஷ்யூம்’ சத்தம் எதுவும் அந்தப் பிரம்புக்குப் பொருந்தவில்லை.