பதில் வராத நாட்கள்

மார்ச் 3, திங்கள்
வேலை தேடும் நாட்கள். பதில் வந்ததா என்று மெயில் பார்ப்பது காலை 10 மணிக்கு ஒரு தடவை, மாலை 4 மணிக்கு ஒரு தடவை. அவ்வளவுதான்.

மார்ச் 4, செவ்வாய்
நோட்டுப் பக்கத்தின் நடுவே கோடு போட்டாயிற்று. இடப்பக்கம் கையில் இருப்பவை: எத்தனை அப்ளிகேஷன் போயிற்று, யாரிடம் பேசியாயிற்று, எந்தக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பார்த்தாயிற்று. வலப்பக்கம் கையில் இல்லாதவை: பதில், தேதி, அவர்கள் முடிவு. வார இலக்கு இடப்பக்கத்தில் மட்டுமே ஏற வேண்டும். "இந்த வாரம் 2 இன்டர்வியூ" என்பது வலப்பக்கத்துச் சங்கதி. அதை இலக்காக வைத்தால் சனிக்கிழமை வந்ததும் உழைத்ததெல்லாம் பூஜ்யமாகத் தெரியும். "6 அப்ளிகேஷன், 3 பேரிடம் பேச்சு" என்று வைத்தால் போதும்.

மார்ச் 6, வியாழன்
"உன்னால முடியும்" என்று யாராவது சொன்னால் அன்று பொழுது நன்றாகப் போகிறது. அடுத்த நிராகரிப்பில் கரைந்துவிடுகிறது. ஏன் என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-லேயே விடை எழுதிவைத்திருக்கிறார். தன்னால் முடியும் என்ற எண்ணத்துக்கு ஊற்று நான்கு. தானே செய்து முடித்தது, தன்னைப் போன்றவர் செய்வதைக் கண்டது, பிறர் சொல்லும் தைரியம், உடம்பு காட்டும் படபடப்பு அல்லது நிதானம். முதலாவதுதான் பலமானது. ஆனால் நாம் எப்போதும் மூன்றாவதைத் தேடியே அலைகிறோம்.

ஆகவே சாட்சி நோட்டு. ஒரு நாளைக்கு ஒரு வரி, கடந்த வேலைகளிலிருந்து. நான்கு துண்டும் இருக்க வேண்டும்: என்ன சிக்கல், நான் செய்தது, எவ்வளவு நாள், என்ன மாறியது. "குழுவோடு இணைந்து செயல்படுவேன்" என்பது சாட்சியாகாது. "இரண்டு கிடங்குகளின் இருப்புக் கணக்கு ஒத்துப்போகவில்லை; 3 மாத ரசீதுகளை வரிசையாக ஒப்பிட்டேன்; நான்காம் நாள் இரட்டைப் பதிவைப் பிடித்தேன்; அதற்குப் பிறகு கணக்கு இடிக்கவில்லை." இதுதான் சாட்சி. இதே வரி ரெஸ்யூமேக்கும் ஆகும், இன்டர்வியூவுக்கும் ஆகும், தூக்கம் வராத ராத்திரிக்கும் ஆகும். "நாங்கள் செய்தோம்" என்று எழுதினால் பலிக்காது. "நான்" என்ற சொல் இருந்தே ஆக வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி
4 மணி. ஒன்றுமில்லை.

மார்ச் 9, ஞாயிறு
எது குறைகிறது என்று தெரியாமல் மருந்து போடுவது பெரிய தப்பு. வேலை வாழ்க்கையின் மாற்றங்களுக்கு ஒருவர் எவ்வளவு ஈடுகொடுப்பார் என்று அளக்க, மார்க் சவிக்காஸ், எரிக் போர்ஃபெலி என்ற ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட அளவுகோலில் 24 வரிகள், நான்கு பகுதிகள்: நாளையைப் பற்றிய அக்கறை, பொறுப்பைத் தன் கையில் எடுப்பது, தெரிந்துகொள்ளும் ஆவல், தன்னம்பிக்கை. ஒவ்வொன்றும் குறையும்போது முகம் வேறு. அக்கறை குறைந்தால் அலட்சியம். பொறுப்பு குறைந்தால் முடிவெடுக்காமல் இழுத்தடிப்பு. ஆவல் குறைந்தால் நடப்புக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பு. நம்பிக்கை குறைந்தால் தயக்கம். ஆவல் குறைந்தவரிடம் தைரியம் சொல்லிப் பயனில்லை. அந்த வேலையில் இருக்கும் இரண்டு பேரிடம் ஆளுக்கு 20 நிமிடம் பேசவைக்க வேண்டும். "உங்கள் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்?" என்று கேட்டால் உண்மை வரும். வேலை கேட்கக் கூடாது. கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மார்ச் 12, புதன்
இன்று 11 தடவை திறந்தாயிற்று. பொறுக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்
"இனிமேல் திறக்க மாட்டேன்" என்ற தீர்மானம் நிற்காது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொல்லும் "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" வாக்கியம் வேண்டும். "நேரம் கெட்ட நேரத்தில் கை மெயிலுக்குப் போனால், சாட்சி நோட்டைத் திறந்து ஒரு வரி எழுதுவேன்." முன்பாதி கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். "மனசு சரியில்லாதபோது" என்று எழுதினால் எப்போது என்றே தெரியாது, வாக்கியம் வேலை செய்யாது.

ஒரு இலக்குக்கு மூன்று வழி. உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்னைடர் 'நம்பிக்கை' என்றதில் மனத்திண்மை பாதிதான், மறுபாதி மாற்றுவழி. ஒரே வழி வைத்திருப்பவருக்கு அது அடைபட்டால் ஊரே அடைபட்ட மாதிரி.

மார்ச் 15, சனி
வந்துவிட்டது. இல்லை என்று.

இரண்டாம் வழி, மூன்றாம் வழி எல்லாம் நோட்டில் இருக்கிறது. இன்று அதைப் பார்க்கவேண்டாம்.

மார்ச் 16, ஞாயிறு
1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஸ்பெரா, புர்ஃபெய்ண்ட், பென்னபேக்கர் மூவரும் வேலை இழந்தவர்களை ஒரு நாளைக்கு 20 நிமிடம், தொடர்ந்து 5 நாள் எழுதவைத்தார்கள். எழுதியது அடுத்த திட்டத்தை அல்ல, வேலை போனதைப் பற்றி மனசின் அடியில் கிடப்பதை. அப்படி எழுதியவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. ஆனால் அவர்கள் மற்றவர்களைவிட அதிகக் கடிதம் போடவில்லை, அதிகப் பேரைப் பார்க்கவும் இல்லை. இந்த இடம்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. இடப்பக்கத்து எண்ணிக்கை அதேதான். எழுதாத கோபம் இன்டர்வியூ அறைக்குள்ளும் கூடவே வந்து உட்காருகிறதோ என்னவோ. "பழைய இடத்தை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டதும் குரல் மாறுவதை எதிரில் இருப்பவர் கவனிக்காமல் இருப்பாரா?

முதல் நாள், 20 நிமிடம். எழுத்துப் பிழை பார்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்
இரண்டாம் நாள். நேற்றைவிடக் கனம். எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். உடனே அப்ளிகேஷனில் உட்காராமல் அரை மணி இடைவெளி விட வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்
மூன்றாம் நாள். மெயில் 2 தடவை. மூன்றாம் வழிக்கு நாளை காலை 9 மணிக்கு ஒரு போன்.